ஊருக்குள் ஏறும் கடைசிக் கிலோமீட்டர்

தெற்கு ஸ்பெயினில் காதிஸ், மாலகா மாகாணங்களின் மலைகளில் இருக்கும் வெள்ளை ஊர்களைச் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்கள் எடுத்தவுடன் விசாரிப்பது கணவாய்களைத்தான். பலோமாஸ் எத்தனை கிலோமீட்டர், போயார் எவ்வளவு சரிவு, சராசரி எத்தனை சதவீதம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் கணவாய்க்கென்று கியரும் சாப்பாடும் திட்டமிட்டுப் போகிறவர்கள், கணவாயை நன்றாகவே ஏறி முடித்துவிட்டு, மாலையில் விடுதிக்கு எண்ணூறு மீட்டர் இருக்கும்போது இறங்கி வண்டியைத் தள்ளுகிறார்கள். பயிற்சி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். இந்த முடிவை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. அந்த மலைநாட்டில் சைக்கிள் ஓட்டுவதன் கணக்கைப் போடுவது ஊர்கள். கியர், டயர், காலணி, சாப்பாட்டு நேரம் எல்லாமே ஊருக்குள் ஏறும் அந்தக் கடைசிக் கிலோமீட்டரை வைத்து முடிவாக வேண்டும். கணவாய் அதற்குள் தானாக அடங்கிவிடும்.

ஊர்கள் ஏன் அப்படி உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது தெரிந்தால் பாதை வரைபடத்தைப் படிக்கும் விதமே மாறிவிடும். 1248-ல் செவில் நகரம் கிறிஸ்தவ அரசான காஸ்டீலிடம் வீழ்ந்த பிறகு, கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் காஸ்டீலுக்கும் இடையிலான எல்லை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மலைகளின் ஊடாகத்தான் ஓடியது. ஓல்வேரா 1327-ல் கைமாறியது. ஸஹாரா தெ லா சியெர்ராவை 1481 டிசம்பரில் கிரனாடாப் படை திடீரெனத் தாக்கிப் பிடித்தது. பத்தாண்டுப் போர் அதிலிருந்து தொடங்கி 1492-ல் கிரனாடா சரணடைந்ததில் முடிந்தது. இடையில் செத்தெனில் 1484-லும் ரோண்டா 1485-லும் விழுந்தன. இப்படிப்பட்ட நாட்டில் வீடு கட்டுகிறவன் ஆற்றங்கரையைப் பார்க்க மாட்டான், பாறையைத்தான் பார்ப்பான். முதலில் பாறை உச்சியில் கோபுரம், அதன் காலடியில் தேவாலயம், அதைச் சுற்றி வீடுகள். தெருக்கள் கழுதையின் காலுக்கும் மனிதக் காலுக்கும் அளவெடுத்துப் போடப்பட்டவை. இன்றைய தார்ச்சாலை பெரும்பாலும் ஊரின் இடுப்பைச் சுற்றிப் போய்விடும். நம் விடுதியோ பழைய சதுக்கத்தில் இருக்கும். இடைப்பட்ட அந்தத் துண்டை எந்தப் பொறியாளரும் சைக்கிளுக்கென்று சமன் செய்து வைக்கவில்லை.

ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டை தெரிய வேண்டும் என்பது அக்காலத் தேவை. அதனால் இன்றும் ஓர் ஊரின் மேட்டில் நின்றால் அடுத்த ஊர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. இது புதிதாக வருகிறவரை மோசமாக ஏமாற்றும். கண்ணுக்கு அடுத்த ஊர் நேர் எதிரே, ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு கண்ணுக்குப் படுவதில்லை. இருநூறு, முந்நூறு மீட்டர் இறங்கி ஆற்றைக் கடந்து, இறங்கிய அவ்வளவையும் திரும்ப ஏறினால்தான் அது கிடைக்கும். பெரிய கணவாய் எதையும் தொடாமலே ஒரு நாளில் 1,500 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

சராசரி மறைப்பது

ஸஹாராவிலிருந்து கிராசலேமாவுக்குப் போகும் சிஏ-9104 சாலையில் இருக்கிறது பலோமாஸ் கணவாய். ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 800 மீட்டருக்குக் குறையாத ஏற்றம், சராசரி 6 முதல் 7 சதவீதம். சில இடங்களில் 10-ஐத் தாண்டும். கடினமான ஏற்றம்தான், ஆனால் நேர்மையானது. உடல் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் அந்தத் தாளத்தை அது கலைப்பதில்லை. ஊர் ஏற்றம் வேறு வகை. மொத்த நாளின் வரைபடத்தில் அது ஒரு சின்ன முள்ளாகக்கூடத் தெரியாது. 80 கிலோமீட்டர் பயணத்தில் 800 மீட்டர் என்பது நூற்றில் ஒரு பங்கு. எந்தச் சராசரியிலும் கரைந்துவிடும். அதனால் பாதையைக் கணினியில் போட்டதும் முதல் வேலையாகக் கடைசி இரண்டு கிலோமீட்டரை மட்டும் தனியாகப் பெரிதாக்கி, நூறு நூறு மீட்டராகப் பார்க்க வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் ஒரே ஒரு துண்டு தென்பட்டாலும் கியரை அதற்குத்தான் பொருத்த வேண்டும். குறுகிய தெருக்களில் மென்பொருளின் உயரக் கணக்கு பிசகும் என்பதால், நேராக மேலே போகும் தெரு ஒன்றும் வளைந்து போகும் தெரு ஒன்றும் இருந்தால் வளைந்ததையே தேர்ந்தெடுங்கள். நேரான தெரு பல சமயம் பாதியில் படிக்கட்டாகிவிடும்.

இப்போது எண்களைப் பார்ப்போம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 9, பையும் தண்ணீரும் 6, ஆக 85 கிலோ. 7 சதவீதச் சரிவில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 140 வாட் போதும். ஓரளவு பழகியவர் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய அளவு இது. அதே எடை 15 சதவீதத் தெருவில் மணிக்கு 6 கி.மீ. என்ற நடை வேகத்தில் ஏற 210 வாட்டுக்கு மேல் தேவை. அதைவிட மெதுவாகப் போனால் வண்டி நேராக நிற்காது, முன்சக்கரம் அலையும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது கியர் மட்டும்.

செயின் ஓடும் பற்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். மணிக்கு 6 கி.மீ.க்கு நிமிடத்துக்கு 39 சுற்றுதான். 39 சுற்றில் 210 வாட் என்பது ஒவ்வொரு மிதியையும் முழங்கால் தனியாகச் சுமக்கும் நிலை. பின்னால் 34 பல் போட்டால் 48 சுற்றாகும். மண்சாலைக்கான கிராவல் வண்டிகளில் வருவதுபோல முன்னால் 30, பின்னால் 36 இருந்தால் 57. கணவாயில் 34/28-ஐ வைத்துக்கொண்டே 8 கி.மீ. வேகத்தில் 52 சுற்று கிடைத்துவிடும். அதனால்தான் கணவாயைப் பார்த்துக் கியர் பொருத்தியவருக்கு ஊர்வாசல் வரை எந்தக் குறையும் தெரிவதில்லை.

இலகுவான சைக்கிளுக்காகப் பணம் கொட்டுகிறவர்களிடம் வாதாடத் தோன்றுவதும் இதனால்தான். 85 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சமாவது 1.2 சதவீதம். பலோமாஸை ஒன்றரை மணி நேரத்தில் ஏறுபவருக்கு அது ஒரு நிமிடம். ஒரு கிலோ குறைந்த சட்டகத்தின் விலையில் சிறு பகுதி இருந்தால் 11 முதல் 34 பல் வரையுள்ள பின்பற்சக்கரத் தொகுதியும் (11–34 கேசட்) புதுச் செயினும் வாங்கிவிடலாம். முழங்காலுக்கு ஆகும் உதவியோ பல மடங்கு.

மாற்றும்போது கவனம் வேண்டிய இடங்கள் சில உண்டு. பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெயிலர்களில் குட்டைக் கூண்டு உள்ளவை பெரும்பாலும் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 34 பல்லுக்கு நடுத்தரக் கூண்டு வேண்டும். முன்னால் 50/34 செயின்ரிங்கும் பின்னால் 11–34 கேசட்டும் என்றால் டெரெயிலர் இழுத்துப் பிடிக்க வேண்டிய வித்தியாசம் 16-ம் 23-ம் சேர்த்து 39 பல். அதற்குக் குறைந்த கொள்ளளவு உள்ளதைப் போட்டால், முன்னும் பின்னும் சின்னப் பல்லான சின்ன–சின்ன கியரில் செயின் தொங்கும். பழைய செயினையே வைத்துக் கேசட்டை மட்டும் மாற்றுவது இதைவிட ஆபத்து. நீளம் போதாமல், பெரிய–பெரிய கியரில் ஒருமுறை தவறிப் போட்டாலே டெரெயிலர் பிய்ந்து சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் போகும். டெரெயிலரைச் சேர்க்காமல் பெரிய–பெரிய பற்களைச் சுற்றிச் செயினை இழுத்துப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுவது பாதுகாப்பான அளவு. டெரெயிலரின் மேல் உருளை பெரிய பல்லில் உரசாதபடி, இடைவெளியைச் சரிசெய்யும் பி-திருகை இறுக்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் சட்டகத்தின் அளவைச் சொல்லும்போதே கேசட்டின் பெரிய பல் எத்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. சொந்த வண்டியை விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் டெரெயிலரைக் கழற்றிச் சட்டகத்துக்குள் கட்டிவைப்பதோடு, அதைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் ஒன்றையும், அந்தச் சட்டகத்துக்குரியதாக, உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும். மலை ஊர்க் கடையில் அது கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

ஸஹாராவின் காலடியில்

அல்கோதோனாலெஸ் பக்கமிருந்து வந்தால் நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் சாலை வளைகிறது. மேலே பாறையின் தோளில் ஸஹாரா, 500 மீட்டர் உயரத்தை ஒட்டி. அதற்கும் மேலே தனியாகக் கோட்டைக் கோபுரம். தேக்கத்தின் நீர்மட்டத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 150 மீட்டர் ஏற்றம். இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஊருக்குள் போய்விட்டுக் கணவாய்க்குப் போவதா, ஊரை ஒதுக்கிவிட்டு நேராகக் கணவாய்ச் சாலையைப் பிடிப்பதா? அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நாளின் போக்கை மாற்றுகிற இடம் வேறு எதையும்விட இதுதான்.

பெரும்பாலோர் ஒதுக்கிவிடுகிறார்கள். காரணம் நியாயமாகத்தான் தெரிகிறது. இன்னும் 800 மீட்டர் ஏற்றம் கிடக்கிறது, இந்த ஊர்த் தெருவில் காலை வீணாக்குவானேன்? ஆனால் ஸஹாராவை விட்டுவிட்டால் கிராசலேமா வரை கடை கிடையாது. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட ரொட்டி பத்தரை மணிக்குத் தீர்ந்திருக்கும். கணவாயின் மேல் பாதியில் மரநிழல் குறைவு. சுண்ணாம்புப் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும். 30 பாகைக்கு மேல் வெயில் இருந்தால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை தண்ணீர் போகும். ஒன்றரை மணி நேர ஏற்றத்துக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டும் நிரம்பியிருந்தால்தான் சரிவரும். கீழேயே ஒன்று காலியாகியிருந்தால் உச்சிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது வறட்சி பிடிக்கும். அங்கே கால் ஓய்ந்தவர்களைக் கேட்டால் கணவாயைத்தான் குறை சொல்வார்கள். அதை உண்டாக்கியது ஒரு மணி நேரத்துக்கு முன் தேக்கத்தின் கரையில் எடுத்த முடிவு.

எனவே ஊருக்குள் போங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் போகும் விதம் முக்கியம். நுழைவுச் சாலை நிமிரத் தொடங்குவதற்கு ஐம்பது மீட்டர் முன்பே முன்செயினைச் சின்ன வளையத்துக்கு இறக்கிவிட வேண்டும். சரிவில் பலமாக மிதித்தபடி முன்கியரை மாற்றினால் செயின் உள்பக்கமாக விழுந்து சட்டகத்தைக் கீறும். வண்டி அப்படியே நிற்கும். பிறகு ஆகச் சின்னக் கியரில், பேசிக்கொண்டே போகக்கூடிய மூச்சில் ஏறுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களுக்காக எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். சதுக்கத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து, ஆலிவ் எண்ணெயும் அரைத்த தக்காளியும் தடவிய தோஸ்தாதா என்ற சுட்ட ரொட்டியோடு காப்பி குடித்து, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், செலவழித்த ஏற்றம் கணவாயின் நடுவில் திரும்பக் கிடைத்துவிடும். மேலே போனபின் வட்டமிடும் கழுகுகளையும், எதிர்ச்சரிவில் கருத்துத் தெரியும் பின்சாப்போ மரக்காட்டையும் பார்க்கத் தலை நிமிரும். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

கல் பாவிய தெரு

ஊருக்குள் தார் முடிந்து கல் தொடங்கும். நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழுவழுப்பான கல். காலையில் வீட்டுக்காரர்கள் வாசலைக் கழுவிவிட்ட ஈரம் இருந்தால் இன்னும் மோசம். அங்கே எழுந்து நின்று மிதித்தால் உடல் எடை முன்னால் போய்ப் பின்சக்கரம் வெறுமனே சுழலும். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்தி, சுற்றுக்குச் சுற்று ஒரே அழுத்தத்தில் மிதிக்க வேண்டும். நின்றுவிட்டால் நேர்மேலே பார்த்துக் கிளம்ப முயலாதீர்கள். தெருவுக்குக் குறுக்கே வண்டியைத் திருப்பி, ஒரு காலைப் பெடலில் மாட்டி, முதல் சுற்று முடியும்வரை குறுக்காகவே உருட்டி, பிறகு மேல்நோக்கித் திருப்புங்கள். ஆர்கோஸ் ஊரின் பழைய பகுதியில் இதற்கும் இடம் இருக்காது. கார்களே பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகும் தெருக்கள் அவை. எதிரே வண்டி வந்தால் வாசல்படியில் ஏறி ஒதுங்க வேண்டியதுதான்.

டயர் 28 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சட்டகம் இடம் கொடுத்தால் 32. மேலே சொன்ன 70 கிலோ ஆளுக்கு 28-ல் 65–70 பிஎஸ்ஐ, 32-ல் 50–55 போதும். 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு வருபவர் கல்தெருவில் பிடிப்பையும் இழப்பார், கையையும் மரத்துப்போக வைப்பார். கோடைக் கடைசியில் சாலையோர மண்ணில் காய்ந்து கிடக்கும் முள் நம்மூர் நெருஞ்சியேதான், அதே செடி. நிழலுக்காகச் சாலையை விட்டு மண்ணில் ஒதுங்கி நிறுத்தினால் இரண்டு டயரிலும் ஏறும். சீலன்ட் ஊற்றிய டியூப்லெஸ் இதைத் தாங்கிவிடும். டியூப் போட்டிருப்பவர்கள் புது டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் சுற்றித் தடவி முறிந்த முள்நுனிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதே பங்சர்.

காலணி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெடலில் மாட்டிக்கொள்ளும் மூன்று திருகு கிளீட் பொருத்திய பந்தயக் காலணி இந்த ஊர்களுக்கு ஏற்றதல்ல. தேய்ந்த கல்லில், இறங்கு தெருவில், பிளாஸ்டிக் கிளீட்டின் மேல் நடப்பது ஓட்டுவதைவிட ஆபத்து. அடியில் ரப்பர் இருக்கும், கிளீட் உள்ளே புதைந்த இரண்டு திருகுக் காலணியோடு போனால் தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் நடந்தே ஏறலாம். மிதிக்கும் ஆற்றலில் இழப்பது, பயணம் செய்பவர் உணரக்கூடிய அளவு அல்ல.

கடிகாரம்

கியருக்கு அடுத்தபடி ஆளைக் கவிழ்ப்பது நேரம். காலையில் பார்கள் திறந்திருக்கும். ரொட்டி, காப்பி தாராளமாகக் கிடைக்கும். மதியச் சமையல் ஒன்றரை மணிக்கு முன் அரிதாகவே தொடங்கும், நான்கு மணியளவில் அடுப்பு அணைந்துவிடும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் பெரும்பாலும் கிடையாது. மளிகைக் கடைகள் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதையும் நம்ப முடியாது, திங்களன்று பல உணவகங்களுக்கு விடுமுறை. பன்னிரண்டு மணிக்குப் பசியோடு ஓர் ஊரை அடைந்தால் வயிற்றுக்குச் சரியாகக் கிடைக்காது. நான்கு மணிக்குப் பிறகு அடுத்த ஊரை அடைந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஊருக்கு ஊர் 15 முதல் 25 கிலோமீட்டர் என்பதால், இரண்டு மணிக்கு எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்பதை வைத்துப் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது நல்லது. பையில் 60 கிராம் மாவுச்சத்து தரும் ஏதாவது, வாழைப்பழமோ அத்திப்பழக் கட்டியோ, தொடாத இருப்பாக எப்போதும் இருக்கட்டும். ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடிக்கும்போது பலகையைப் பாருங்கள். 'போத்தாப்லெ' என்ற சொல்லுக்கு முன்னால் 'நோ' இருந்தால் குடிக்கக் கூடாது.

ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். பள்ளத்தாக்கில் 40 பாகை சாதாரணம். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரையும் ஏற்றவை. அட்லாண்டிக் காற்று முதலில் முட்டும் மலை என்பதால் கிராசலேமாவில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.யை ஒட்டி மழை பெய்யும், ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. வசந்தத்தில்கூட மழைச்சட்டை பையில் இருக்க வேண்டும். நவம்பரிலிருந்து ஆலிவ் அறுவடை. தோட்டத்திலிருந்து ஏறும் டிராக்டர்கள் சாலையில் களிமண்ணை இழுத்துவிடும், டிரெய்லரிலிருந்து உதிர்ந்த காய்கள் நசுங்கி எண்ணெய் பரவியிருக்கும். அதன்மேல் முதல் தூறல் விழுந்தால் வளைவுகளில் நடை வேகம்தான் சரி.

மறுநாள் காலை இறக்கம்

உச்சி ஊரில் தங்கியவருக்கு மறுநாள் இறக்கத்தோடு தொடங்குகிறது. உடல் சூடேறவில்லை, பள்ளத்தாக்கில் மூடுபனி, விரல்கள் விறைத்திருக்கும். பிரேக் சரிபார்ப்பு முந்தைய மாலையிலேயே முடிந்திருக்க வேண்டும். 85 கிலோ 800 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் பிரேக்குக்குத்தான். தொடர்ந்து லேசாக உரசிக்கொண்டே இறங்கினால் டிஸ்க் பேட் கண்ணாடிபோல் மினுக்கம் கண்டு பிடிப்பை இழக்கும். ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம், கார்பன் ரிம்மில் இது இன்னும் மோசம். வளைவுக்கு முன் நேர்சாலையில் இரு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். அடுத்த வளைவு வரை காற்று அவற்றை ஆற்றும். வளைவின் மறுபக்கத்தில் ஆட்டு மந்தை நிற்கலாம் என்பதை எப்போதும் கணக்கில் வைத்திருங்கள்.

இறங்கும் நாளில் ஏற்றமே வேண்டாம் என்பவருக்கு ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர் பசுமைப் பாதை ஒன்று இருக்கிறது. 1920-களில் தொடங்கி, ரயிலே ஓடாமல் கைவிடப்பட்ட தடம். 30 சுரங்கங்கள், 4 பாலங்கள். ஓல்வேராவிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மெல்லிய இறக்கம். தரை இறுக்கிய மண் என்பதால் 32 மி.மீ. டயர் இருந்தால் நிம்மதி. முன்விளக்கு கட்டாயம் வேண்டும். வெயிலிலிருந்து சுரங்கத்துக்குள் நுழையும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும் என்பதால் வாசலிலேயே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். புவெர்த்தோ செர்ரானோவில் பழைய ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக மறுபடி ஓர் ஏற்றம் உண்டு. சின்ன வளையத்துக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.